சாந்தோரினியும் கொஞ்சம் சுண்ணாம்பும்

இது நான் பல்பு வாங்கின கதை. இன்டீரியர் டிசைனர்னு போர்டு மாட்டிக்கிட்டு இதை வெளிய சொல்லக்கூடாது. இருந்தாலும் சொல்லிடறேன், மனசு லேசாகும்.

கோவையில ஒரு அண்ணன். இருபது வருஷம் வளைகுடாவில் சமையல்காரரா இருந்துட்டு, ஊர்ல இருந்த தோட்டத்தை வித்து மெடிட்டரேனியன் உணவகம் ஆரம்பிக்க வந்தார். "சாந்தோரினி மாதிரி இருக்கோணுங்க தம்பி" என்றார். தலையாட்டிட்டேன். கிரேக்கம் பக்கம் நான் தலைவச்சுக்கூடப் படுத்ததில்லை என்பது வேற விஷயம். எல்லாம் காலண்டர்ல பாத்ததுதான்.

சுவரெல்லாம் பளீர் வெள்ளை எமல்ஷன். பி.ஓ.பி.யில் நீலக் கவிகைக் கூரை. 6500 கெல்வின் எல்.ஈ.டி. விளக்குகள். வாசலுக்கு பிளாஸ்டிக்ல காகிதப்பூ (காகிதப்பூவுக்கே பிளாஸ்டிக்!). கம்ப்யூட்டர் படத்துல சூப்பரா இருந்துச்சு.

திறப்பு விழாவுக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது கூப்பிட்டார். நடுவுல நாற்காலி போட்டு, ஒரு தட்டு ஹம்மஸ் முன்னாடி தனியா உட்கார்ந்திருந்தார். அந்த வெளிச்சத்துல ஹம்மஸ் வால் புட்டி மாதிரி இருந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. ஸ்கேன் எடுக்க உக்காந்திருக்கற மாதிரி இருக்குதுங்க."

கோபமா பேசியிருந்தா திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் தட்டையே பாத்துக்கிட்டிருந்தார். வித்த தோட்டம் அவங்க அப்பா வெச்சதுன்னு எனக்குத் தெரியும்.

அன்னிக்கு ராத்திரிதான் சாந்தோரினியைப் பத்தி உருப்படியா படிச்சேன். (முதல்லயே செய்திருக்கணும், திட்டாதீங்க.) காலண்டர்ல வர்ற நீலக் கவிகைகள் பெரும்பாலும் தேவாலயங்களோடது. வீடுகள் வேற மாதிரி. எரிமலைச் சாம்பல் இறுகின பாறையைக் குடைஞ்சு கட்டினவை நிறைய. தீவுல மரம் அபூர்வம், அதனால உத்தரம் கிடையாது. கூரையைக் கல்லாலயே வளைச்சுக் கட்டினாங்க. அந்தச் சாம்பலோட சுண்ணாம்பைக் கலந்தா சிமெண்ட் மாதிரி இறுகும். 1869ல் திறந்த சூயஸ் கால்வாய் வேலைக்கே இங்கிருந்து வெட்டி எடுத்துப் போயிருக்காங்க. சுவருக்கு வெள்ளை ஏன்னா வெயில். அந்த வெள்ளை, சுண்ணாம்பு. நீலம்? லூலாக்கின்னு ஒரு பொடி. துணிக்குப் போடற நீலம்!

படிச்சதும் சிரிச்சுட்டேன். பொங்கலுக்கு எங்க ஆத்தா சுண்ணாம்பு வாளியில சொட்டு நீலம் கலக்குவாங்க. கையெல்லாம் வெந்துபோயிருக்கும். அதை விட்டுட்டு நான் ஷேட் கார்டு பொரட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

அடுத்த நாள் எழுபது வயசு கொத்தனார் ஒருத்தரைத் தேடிப் புடிச்சேன். சுவரைத் தட்டிப் பாத்துட்டு, "பெயிண்ட்டு மேல சுண்ணாம்பு நிக்காதுங்க, மொதல்ல சொரண்டுங்க" என்றார். சொரண்டினோம். தூசியில மூணு நாள் இருமல். சுண்ணாம்பை ஊறவெச்சு, துணியில வடிகட்டி, கையில ஒட்டாம இருக்க கோந்து சேர்த்து, தண்ணியா நாலு கோட்டிங். அடிக்கும்போது ஒண்ணுமே தெரியாது, காயக் காயத்தான் வெள்ளை வரும். முதல் கோட்டிங் முடிஞ்சப்ப அண்ணன் மூஞ்சியைப் பாக்க தைரியமில்லாம டீ குடிக்கப் போயிட்டேன்.

நாலாவது காய்ஞ்சதும் சுவர்ல ஒரு மேடுபள்ளம், ஒரு மென்மை. பி.ஓ.பி. கவிகையை எடுத்தாச்சு. கதவுக்கு மட்டும் நீலம். விளக்கெல்லாம் 2700 கெல்வினுக்கு மாத்தி, தாழ்வா, சுவர் மேல படற மாதிரி வெச்சோம். அந்தத் தீவுகள்ல சுவரோட சேர்த்தே கட்டற கல் இருக்கையைப் பெசூலான்னு சொல்வாங்க. "திண்ணைங்களா?"ன்னு கேட்டுட்டு, ரெண்டே நாள்ல கட்டிட்டார் கொத்தனார்.

ஆன செலவுல பாதி என்னுது. கடைசித் தவணை ஃபீஸ் வாங்கலை. வீட்டுல இதைச் சொல்லலை (இப்ப படிச்சுத் தெரிஞ்சுக்குவாங்க, இருக்கு எனக்கு).

திறப்பு விழாவுக்குக் கொத்தனாரையும் அவர் சம்சாரத்தையும் அண்ணனே போய்க் கூப்பிட்டார். ரெண்டு பேரும் திண்ணையில உட்கார்ந்து சாப்பிட்டாங்க. ஜாட்சிகியைத் தொட்டுப் பாத்துட்டு அந்த அம்மா, "வெள்ளரிக்கா தயிர்ப்பச்சடி. உப்புப் பத்தலை" என்றார். அண்ணன் ஓடிப் போய் உப்பு எடுத்துட்டு வந்தார்.

ஒரு குறை பாக்கி. எல்லாமே கல்லும் சுண்ணாம்பும், துணியே கிடையாது. அதனால ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூட்டம் சேர்ந்தா ஒரே இரைச்சல், எதிர்ல இருக்கறவர் பேசறது கேக்காது. திண்ணைக்கு மெத்தை தைக்கக் கொடுத்திருக்கேன். கூரைக்கு என்ன பண்றதுன்னுதான் ஒரு வாரமா அண்ணாந்து பாத்துக்கிட்டிருக்கேன்.