விழுந்த கம்பு

மனம் வெறுத்துத் திருவண்ணாமலைக் கோபுரத்தினின்று அருணகிரிநாதர் வீழ்ந்தார் என்றும், முருகப் பெருமான் அவரைத் தாங்கிக்கொண்டான் என்றும் ஐதிகம் கூறும். திருப்புகழ் பிறந்தது அதற்குப் பின்னரே. தாங்கும் கை இருந்தால் வீழ்ச்சி முடிவாகாது என்று இவ்வூர்வாசிகளாகிய நாம் இதற்குப் பொருள் கொள்கிறோம்.

விளையாட்டுக் களத்திலும் இவ்வுண்மையைக் காணலாம். சேலம் ஜில்லா பெரியவடகம்பட்டியில் பிறந்த ஸ்ரீ மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. அவரே 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கப் பதக்கம் பெற்றார். 2021-ல் டோக்கியோவில் கிட்டியது வெள்ளி. 2024-ல் பாரிஸில் வெண்கலம். தங்கம் கைநழுவியதென்று அவர் களத்தைத் துறந்துவிடவில்லை.

உயரத் தாண்டுதலில் ஒரு விசேஷம் உண்டு. குறுக்குக் கம்பு விழுந்தால், அதை எடுத்து மீண்டும் அதே உயரத்தில் பொருத்துவார்கள். தொடர்ந்து மூன்று முறை தவறினால்தான் ஆட்டம் முடியும். தங்கம் வென்றவர்கூடப் பெரும்பாலும் கடைசியில் கம்பைத் தட்டிவிட்டே வெளியேறுகிறார். அதற்காக அவரை யாரும் இகழ்வதில்லை.

நம் இல்லங்களில் நடப்பதென்ன? பரீட்சையில் தவறிய பிள்ளைக்கு முதலில் கிடைப்பது வசவு. அடுத்து, அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பீடு. சர்க்காரே துணைத் தேர்வு வைத்து மறு சந்தர்ப்பம் அளிக்கிறது. பெற்ற நாம் அளிக்கலாகாதா? மனோதிடம் பிறவியிலேயே வருவதன்று. மறுபடி முயலலாம் என்னும் நம்பிக்கையில் வளர்வது. ஆகவே, பரீட்சை முடிவு வெளியாகும் நாளன்று பிள்ளைக்கு முதலில் சோறிடுவோம். பிறகு, எங்கே தவறியது என்று நிதானமாகக் கேட்டு, விழுந்த கம்பை எடுத்து வைப்போமாக!