ஓ.டி. சோற்று வடாம்

அம்பத்தூரில் ஓ.டி. என்றால் இரண்டு. ஒன்று நாங்கள் குடியிருக்கும் ஓல்டு டவுன். மற்றது, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனியில் என் வீட்டுக்காரர் பார்க்கும் ஓவர்டைம். "இன்னைக்கு ஓ.டி., கேன்டீன்லயே சாப்பிட்டுக்கறேன்" என்று போன் வரும்போது இங்கே குக்கர் இறங்கியிருக்கும். மிஞ்சிய சோறு மறுநாள் காலை பச்சைக் கூடைக்குப் போகும், அங்கிருந்து கொடுங்கையூர் குப்பைமேட்டுக்கு. போன சித்திரையில் ஊரிலிருந்து வந்த அத்தை இரண்டு நாள் பேசாமல் பார்த்தார். மூன்றாம் நாள், "வடாம் போடலாமா?" என்றார்.

பிழியத்தான் கற்றுத் தருவார் என்று நினைத்தேன். அவர் கற்றுத் தந்தது சோற்றைப் பார்க்க. இரவே தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றில் காலையில் லேசாகப் புளிப்பு வாசம் வரலாம். பருக்கை பருக்கையாகப் பிரிய வேண்டும். கொழகொழத்து நூல் விட்டால் ஊசிவிட்டது. "வெயில்ல காஞ்சாலும் கெட்டது கெட்டதுதாம்மா." கெட்ட சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது என்று பிறகு படித்தேன்.

வடித்த நீராகாரம் மோரும் உப்பும் சேர்ந்து எங்கள் டம்ளருக்கு வந்தது. சோறு, பச்சை மிளகாய், சீரகம், பெருங்காயம் மிக்ஸிக்குப் போயின. என் முதல் ஈடு வீண். மாவை நாக்கில் வைத்து உப்பு சரியென்றேன். காய்ந்தபின் வாயில் வைக்க முடியவில்லை. தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது. கனமாகவும் பிழிந்திருந்தேன், பொரித்தால் நடுவில் கல்.

அடுத்த முறை ஈரவேட்டியை மொட்டை மாடியில் விரித்து மெல்லிசாகப் பிழிந்தோம். மாலையில் துணியின் பின்புறம் தண்ணீர் தெளித்ததும் தானாகக் கழன்று வந்தது. இன்னும் இரண்டு வெயில். ஒடித்தால் 'படக்' என்று கேட்க வேண்டும். வளைந்தால் மறுபடி மாடிக்கு.

இந்திய வீடுகளில் ஆளுக்கு வருஷத்துக்கு 55 கிலோ உணவு குப்பைக்குப் போவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கை சொல்கிறது. தோல், கொட்டையும் சேர்த்துத்தான். எங்கள் மூவருக்கு 165 கிலோ. அத்தையிடம் சொன்னேன். நிறைந்திருந்த வடாம் டப்பாவைக் காட்டி, "இது பெருமை இல்லம்மா, உனக்கு இன்னும் உலை அளவு பிடிபடலைன்னு அர்த்தம்" என்றார்.

இப்போது ஓ.டி. உண்டா என்று நாலு மணிக்கே கேட்டுவிட்டுத்தான் அரிசி களைகிறேன். இந்தச் சித்திரையில் வடாம் அரை டப்பாதான் தேறியது.