வலியின் குறிப்பேடு

ஈராண்டுகளாக என் இடுப்பில் ஒரு வலி குடியிருக்கிறது. சித்தூரில் ஒரு மருத்துவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லை, தேர்வுப் பயம்" என்று அனுப்பிவிட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தார். அவரும் ஐயுறுகிறாரோ என்ற எண்ணம் வலியினும் கொடியதாக இருந்தது.

திருப்பதிக்குப் படிக்க வந்தபின் ஒரு குறிப்பேடு வாங்கினேன். குடைச்சலா, குத்தலா, எரிச்சலா, எவ்வளவு நேரம், எந்த வேலை தடைப்பட்டது என்று நாள்தோறும் எழுதினேன். பதற்றத்தில் 'நொப்பி' என்ற ஒரு தெலுங்குச் சொல்லுக்குமேல் வராத எனக்கு அந்த ஏடே வாயாயிற்று.

இங்குள்ள மருத்துவர் எழுதியவற்றைச் சொல்லச் சொல்லிப் பொறுமையாகக் கேட்டார். மூன்று மாதத்திற்குமேல் நீடிக்கும் வலி தானே ஒரு நோயாகவும் இருக்கலாம் என்றும், 2022இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் அதற்குத் தனியிடம் தந்துள்ளது என்றும் விளக்கினார்.

அந்த வாரமே சித்தூர் சென்று அம்மாவிடம் சொன்னேன். "நான் எப்போதடா உன்னை நம்பாமலிருந்தேன்?" என்றார்.

வலி முற்றும் போகவில்லை. பயிற்சியால் வகுப்பில் உட்கார முடிகிறது. மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணிய வள்ளுவர் நோயாளியையே முதலில் வைத்தார். ஆகவே நண்பர்களே, 'ஒன்றுமில்லை' என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள். எழுதிக்கொண்டு மீண்டும் செல்லுங்கள்.