மூழ்குதலும் மீளுதலும்

நீருள் மூழ்குவது கல்லுக்கும் கைவந்த செயல். மூழ்கியபின் வேண்டிய ஆழத்தில் நிற்பதும், வேண்டிய நேரத்தில் மீண்டு வருவதுமே அரியவை. ஒருவர் அமர்ந்து செல்லத்தக்க சிறு நீர்மூழ்கியைத் தம் கையாலேயே செய்ய முனைவோர்க்கு, இரும்புக் கூட்டைப் பற்றவைப்பதைக் காட்டிலும் மிகுந்த சிந்தனையைத் தருவன பளுநீர்த் தொட்டியும் அதனைக் காலிசெய்யும் பம்புமே ஆகும்.

வாலாசாபாத்துக்கு அணித்தாக உள்ள தென்னேரி என் ஊர். அங்குள்ள ஏரி காஞ்சிபுரம் மாவட்டத்துப் பெரிய ஏரிகளுள் ஒன்று. அதன் கரை அடியில் பரந்தும் மேலே குறுகியும் இருக்கும். ஆழம் மிகுந்தோறும் நீரின் அமுக்கமும் மிகுவது அவ்வமைப்புக்கு ஒரு காரணம். பத்து மீட்டர் ஆழத்திற்கு ஒரு சதுர சென்டிமீட்டர்ப் பரப்பில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் சுமை ஏறுகின்றது. நானும், பம்பு பழுது பார்ப்பதையே முப்பதாண்டுத் தொழிலாகக் கொண்ட முதியவர் ஒருவரும் நீர்மூழ்கிக்கான திட்டம் ஒன்றை வகுத்தது இவ்வேரிக்கரையில்தான். கலத்தைக் கட்டும் பொருள்வளம் எங்களிடம் இல்லை. தாளும் பென்சிலும் தகரத்தால் செய்த மாதிரி ஒன்றுமே இருந்தன.

முதலில் எடைக் கணக்கு. கலத்தின் பருமன் 2,000 லிட்டர் என்று கொள்வோம். அது முற்றும் மூழ்கினால் விலக்கும் ஏரிநீரின் எடை 2,000 கிலோ. ஆளும் கருவிகளும் உட்படக் கலத்தின் எடை 1,900 கிலோ ஆயின், 100 லிட்டர் நீரைத் தொட்டிக்குள் ஏற்றியதும் அது மிதக்கவும் செய்யாது, ஆழவும் செய்யாது. விட்ட இடத்தில் நிற்கும். அதே கலத்தைக் கடலில் இட்டாலோ, உப்புநீர் கனம் மிகுந்ததாதலின், ஏறக்குறைய 50 கிலோ கூடுதல் பளு வேண்டும். ஏரிக்கு அமைந்த கணக்கு கடலுக்கு அமையாது.

நிறைகுடம் தளும்பாது என்பர். நீர்மூழ்கியில் இது வெறும் பழமொழி அன்று. தொட்டி குறையாக இருப்பின், கலம் சற்றே சாய்ந்ததும் நீர் முழுவதும் அப்பக்கம் ஓடிச் சாய்வை மிகுவிக்கும். ஆதலின் முற்றும் நிறைந்தோ முற்றும் ஒழிந்தோ இருக்கும் பெரிய தொட்டி ஒன்றையும், சிறுசிறு வேறுபாட்டைச் சரிசெய்யும் சிறுதொட்டி ஒன்றையும் தனித்தனியே வரைந்தோம்.

இனிப் பம்பு. கலத்தினுள் இருப்பது நாம் மூச்சு விடும் சாதாரணக் காற்று. வெளியே இருப்பதோ அமுக்கி நிற்கும் நீர். 100 மீட்டர் ஆழத்தில் தொட்டி நீரை வெளியே தள்ளுவது, 100 மீட்டர் ஆழமுள்ள கிணற்றிலிருந்து அந்நீரை இறைப்பதற்கு ஒப்பான உழைப்பாகும். ஏற்றம் மிதித்தவர்களைக் கண்ட நாட்டில் இதனை மேலும் விளக்க வேண்டுவதில்லை. ஐந்து சதுர சென்டிமீட்டர்ப் பரப்புள்ள உந்துதண்டை அவ்வாழத்தில் தள்ள 50 கிலோ விசை வேண்டும். நெம்புகோல் வைத்து அதனைக் குறைக்கலாம். ஆயினும் தண்டு ஒருமுறை பத்து சென்டிமீட்டர் சென்றால் வெளியேறுவது 50 மில்லிலிட்டரே. 100 லிட்டரை வெளியேற்ற 2,000 முறை அடிக்க வேண்டும்! சிறு அறையுள் தனியே இருப்பவன் அத்துணை முறை அடிப்பதற்குள் மூச்சுக் காற்றே கெட்டுவிடும்.

அழுத்திய காற்றால் நீரைத் தள்ளலாமே எனில், அதற்கும் ஆழமே எல்லை வகுக்கின்றது. 200 மடங்கு அமுக்கத்தில் நிரப்பிய பத்து லிட்டர் உருளை நீர்மட்டத்தில் ஏறத்தாழ 2,000 லிட்டர் காற்றைத் தரும். 100 மீட்டர் ஆழத்தில் தருவதோ சுமார் 170 லிட்டர்தான்.

இவ்விடத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து ஹன்லி என்னும் நீர்மூழ்கியின் வரலாறு நினைவுக்கு வருகின்றது. 1863 அக்டோபர் 15 அன்று சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் மூழ்கிய அக்கலம் மீளவில்லை. அதன் பளுநீர்த் தொட்டிகள் மேற்புறம் மூடப்படாதவை. முன்தொட்டியின் அடைப்பான் திறந்தே இருந்தமையால் நீர் நிரம்பி வழிந்து உள்ளே புகுந்தது. கலத்துக்குப் பெயர் தந்த ஹன்லியும் உடனிருந்த எழுவரும் மாண்டனர். கலத்தை மேலே எடுத்தபோது, அடிப்புறத்து இரும்புப் பளுவைக் கழற்றும் திருகுகள் பாதி திருகப்பட்ட நிலையில் இருந்தன என்று அதனைக் கட்டியோருள் ஒருவரான வில்லியம் அலெக்சாண்டர் எழுதியுள்ளார். எத்தனை சுற்று எஞ்சியதோ, அத்தனை சுற்றும் எட்டு உயிர்களின் விலை.

இதனைப் படித்துக் காட்டியபோது பம்புத் தொழிலாளர் நெடுநேரம் வாய் திறக்கவில்லை. பிறகு, "தம்பி, பம்பு பழுதாகாது என்று சொல்பவன் பம்பைப் பிரித்துப் பார்த்தவன் அல்லன். கீழே போவதற்கு எத்தனை பம்பு வேண்டுமானாலும் வையுங்கள், மேலே வருவதைப் பம்பிடம் ஒப்படைக்காதீர்கள்" என்றார். எத்தனையோ நூல்கள் உரைக்கும் செய்தி அது. ஆனால் வயல்வெளியில் சேறு படிந்த கையோடு கற்றவர் கூறும்போது அதற்கொரு கனம் உண்டு.

1960 சனவரி 23 அன்று சுமார் 10,900 மீட்டர் ஆழம் சென்று மீண்ட திரியெஸ்த் கலம் இவ்வறிவுக்குச் சான்று. அதன் பளு இரும்புக் குண்டுமணிகள். அவற்றைத் தாங்கியவை மின்காந்தங்கள். மின்சாரம் அற்றுப்போயின் மணிகள் தாமே கொட்டிவிடும், கலம் மேலெழும். கருவி கெடுவதே மீட்சிக்கு வழியாகும்படி அமைத்த அவ்வறிவை நான் பெரிதும் வியக்கின்றேன். சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் மூவர் செல்வதற்கென வகுத்த மத்ஸ்யா 6000 கலத்தின் துறைமுகச் சோதனைகள் 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளியில் நடைபெற்றன. அது குறிக்கோளாகக் கொண்ட ஆழம் 6,000 மீட்டர். அவ்வாழத்தில் பம்பு இயக்குவது 6,000 மீட்டர்க் கிணற்றில் இறைப்பது போன்றதன்றோ!

எங்கள் திட்டத்தில் 150 கிலோ ஈயம் கலத்தின் வெளியே அடியில் தொங்குகின்றது. இருக்கையில் அமர்ந்தவாறே ஒரு கைப்பிடியை அரைச்சுற்றுத் திருப்பினால் அது விழுந்துவிடும். பம்புக்கும் மின்சாரத்துக்கும் அதனோடு தொடர்பில்லை. தகர மாதிரியில் அதற்கு ஈடாக இருந்தது நூலில் கட்டிய சிறு ஈயத்துண்டு. கரையோரத்து இடுப்பளவு நீரில் மாதிரியை மூழ்கவிட்டு நூலைச் சுண்டுவோம். மாதிரி குபுக்கென்று மேலே வரும். சேற்றில் புதைந்த ஈயத்தைத் தேடித் தருவதற்கு ஊர்ச் சிறுவர் இருவர் எப்போதும் ஆயத்தமாக நிற்பர்.