வெயிலில் ஓடும் மணிக்கூடு

எங்கள் பக்கத்தில் நல்ல மணிக்கூடு கடையில் வாங்குவதல்ல. வெளிநாட்டிலிருந்து ஆள் வரும்போது கூட வருவது. முன்பு சவூதியாலும் குவைத்தாலும் வந்தவர்களின் பெட்டிகளில் சிட்டிசனும் ரிக்கோவும் இருந்தன. இப்போது ஜேர்மனியிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது கேசியோவின் ஜீ-ஷொக் கொண்டு வருகிறார்கள். வாழைச்சேனைத் துறைமுகத்தில் மீன் இறக்குகிற பெடியன் கையிலும் அது இருக்கிறது, பாசிக்குடா ஹோட்டலில் வேலை செய்பவன் கையிலும் இருக்கிறது, மைதானத்தில் பிள்ளைகளை ஓட விட்டு நேரம் எடுக்கிற ஆசிரியர் கையிலும் இருக்கிறது.

அவற்றில் விலை கூடிய மாதிரிகளின் முகப்பில் இரண்டு விஷயம் எழுதியிருக்கும். ஒன்று, இது வெயிலில் ஓடுவது. மற்றது, இது வானொலி அலையைப் பிடித்துத் தன் நேரத்தைத் தானே திருத்திக்கொள்வது. கொண்டு வந்து தருகிறவர்கள் இரண்டையும் பெருமையாகச் சொல்லித்தான் தருவார்கள். வெயில் விஷயம் எங்கள் ஊரில் குறையில்லாமல் நடக்கிறது. அலை விஷயம் நடப்பதில்லை. ஏன் நடப்பதில்லை என்பது வாங்குகிறவரும் தருகிறவரும் அறிந்துவைக்க வேண்டியது. அதைத் தேடிப் போனபோது எனக்கு எங்கள் ஊரின் பழைய கதை ஒன்றும் சேர்ந்து விளங்கியது.

முதலில் வெயில். சதுர முகப்புள்ள ஜீ-ஷொக் ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எண்கள் தெரிகிற சட்டத்தைச் சுற்றிக் கருஞ்சிவப்பில் மெல்லிய பட்டைகள் தெரியும். அலங்காரம் என்று நினைக்கத் தோன்றும். அவைதான் சூரியக் கலங்கள். முள் உள்ள மணிக்கூடுகளில் இதுவும் கண்ணுக்குத் தெரியாது. முகப்புத் தட்டே ஒளியைக் கொஞ்சம் உள்ளே விடும்படி செய்யப்பட்டு, கலம் அதன் அடியில் இருக்கும். பஸாரில் மணிக்கூடு திருத்துகிற ஐயா ஒருவர் அப்படியொன்றைத் திறந்து காட்டினார். உள்ளே சின்னக் காசு அளவில் ஒரு பெட்டரி. “இது மாத்துற பெட்டரி இல்ல தம்பி, நிரம்புற பெட்டரி. வெயில் உள்ள மட்டும் இவருக்கு எங்களிட்ட வேலை இல்ல” என்றார். தன் தொழிலைக் குறைக்கிற சாமானை அவர் அவ்வளவு மரியாதையோடு கையில் வைத்திருந்தது எனக்குப் பிடித்தது.

இந்த யோசனை புதிதல்ல. சிட்டிசன் நிறுவனம் ஒளியில் ஓடும் முள் மணிக்கூட்டை 1976இலேயே செய்துவிட்டது. ஜீ-ஷொக் பிறந்தது 1983இல். தகப்பன் தந்த மணிக்கூடு கை தவறி விழுந்து உடைந்த துக்கத்தில், விழுந்தாலும் உடையாத ஒன்றைச் செய்ய வேண்டும் என்று கேசியோவின் பொறியியலாளர் கிக்குவோ இபே இறங்கினார். பத்து மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்க வேண்டும், பத்து பார் நீரழுத்தம் தாங்க வேண்டும், பெட்டரி பத்து வருடம் நிற்க வேண்டும்: இதுதான் அவர்கள் வைத்த இலக்கு. பிற்பாடு சூரியக் கலமும் அதற்குள் ஏறியது.

எங்கள் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான சாமான் கிடையாது. வாழைச்சேனை நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே எட்டுப் பாகைக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கிறது. வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசம் வராது. ஐரோப்பாவின் மாரிகாலத்தில் கோட்டுக் கைக்குள்ளே கிடந்து பட்டினி கிடக்கிற மணிக்கூட்டுக்கு, கல்குடா வீதியில் காலையில் ஓடிவிட்டு வருகிற நேரமே போதும். முழுதாக நிரம்பினால், வெளிச்சமே படாவிட்டாலும் சாதாரணப் பாவனையில் மாதக்கணக்கில் ஓடும். லாச்சிக்குள் போட்டு மறந்தால் முகப்பை அணைத்துவிட்டு உள்ளே எண்ணிக்கொண்டே கிடக்கும். அப்படி ஒரு வருடத்துக்கும் மேலே தாக்குப்பிடிக்கிற மாதிரிகள் உண்டு. எடுத்து வெளிச்சத்தில் வைத்தால் எண்கள் திரும்பி வரும், நேரமும் பெரிதாகப் பிசகியிருக்காது.

வெயில் தருகிற நன்மைக்கு உப்பு ஒரு விலை கேட்கும். களப்பிலோ கடலிலோ இறங்கி வந்தால் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். பொத்தான்களின் இடுக்கில் உப்புக் கட்டினால் இறுகிப்போகும். வேர்வையும் வெயிலும் சேர்ந்து பிளாஸ்ரிக் பட்டியை நாளடைவில் வெடிக்கச் செய்யும். மீன்பிடிக்கிறவர்கள் இதைச் சொல்லிக் கொடுக்காமலே செய்கிறார்கள். விளையாடுகிற பிள்ளைகளுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி அலை. ஜேர்மனியில் பிராங்க்பர்ட்டுக்குக் கிட்ட மைன்பிளிங்கன் என்ற இடத்தில் ஒரு பரப்பு நிலையம் இருக்கிறது. அணுக்கடிகாரத்தின் நேரத்தை 77.5 கிலோஹேர்ட்ஸ் நெட்டலையில் இரவு பகலாக அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஒரு செக்கனுக்கு ஒரு குறியாக, ஒரு நிமிடத்துக்குள் மணி, நிமிடம், திகதி, மாதம், வருடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு மறுகா முதலிலிருந்து தொடங்கும். இங்கிலாந்தில் ஆன்தோர்ன், அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் போர்ட் கொலின்ஸ், சீனாவில் ஷாங்சியூ, ஜப்பானில் இரண்டு மலைகள்: இவை மற்ற நிலையங்கள். மொத்தம் ஆறு. மணிக்கூடு நள்ளிரவுக்குப் பிறகு, ஊர் அடங்கி வானொலி இரைச்சல் குறைந்த நேரத்தில், தானே எழும்பி அந்தக் குறியைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். 1990இல் ஜேர்மனியின் யுங்ஹான்ஸ் நிறுவனம் இப்படிக் கேட்கிற முதல் கைமணிக்கூட்டை வெளியிட்டது. மூன்று வருடத்தில் அதையே சூரிய ஒளியில் ஓட வைத்தது.

ஆறு நிலையங்களில் எங்களுக்குக் கிட்ட இருப்பது ஷாங்சியூ. கிட்ட என்றாலும் நாலாயிரம் கிலோமீற்றருக்கு மேலே. அதன் அலையை மணிக்கூடு நம்பிப் பிடிக்கக்கூடிய தூரம் ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு கிலோமீற்றர்தான். இலங்கை மட்டுமல்ல, இந்தியாவும் வளைகுடா அரபு நாடுகளும் இந்த நிலையங்களின் வட்டங்களுக்கு வெளியேதான் கிடக்கின்றன. பல மாதிரிகளின் ஊர்ப்பட்டியலில் கொழும்பே இராது. எங்களுக்குரிய ஐந்தரை மணித்தியாலத்தை டெல்லியின் பெயரில்தான் தெரிவு செய்ய வேண்டும். டெல்லியைத் தெரிவு செய்தால், அங்கே அலை எட்டாது என்று மணிக்கூட்டுக்கே தெரியும். அது கேட்க எழும்பவும் மாட்டாது.

இதற்கு இளம் பெடியன்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கைபேசியில் ஒரு செயலி, ஜப்பான் நிலையத்தின் குறியைப் போலவே ஒரு சத்தத்தை உண்டாக்கும். காதில் மாட்டுகிற இயர்போனின் வயரைச் சுருட்டி மணிக்கூட்டைச் சுற்றி வைப்பார்கள். சத்தத்தின் மும்மடங்கு அதிர்வு அந்த வயரில் 60 கிலோஹேர்ட்ஸ் அலையாகக் கசியும். மணிக்கூட்டில் ஊரை ரோக்கியோ என்று மாற்றி, பொத்தானை அமத்திப்பிடித்துவிட்டு அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தால், அலைக்கோடுகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறும். சில நிமிடத்தில் நேரம் செக்கன் பிசகாமல் வந்து நிற்கும். பிறகு டெல்லிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஓட்டமாவடிப் பாலத்துக்கு இப்பால் ஒரு வீட்டு மேசையில் இது நடப்பதைப் பார்த்தபோது நான் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். ஜப்பான் தன் மக்களுக்காக மலையுச்சியில் செய்கிற காரியத்தை இந்தப் பிள்ளைகள் ஒரு துண்டு வயரில் செய்துவிடுகிறார்கள்.

இவ்வளவு பாடு தேவையா என்று கேட்கலாம். செக்கனுக்கு 32,768 தடவை அதிர்கிற குவார்ட்ஸ் பளிங்கு, திருத்தாமல் விட்டாலும் மாதத்துக்குப் பதினைந்து செக்கனுக்கு மேல் பிசகாது. உதயதேவி ரயிலைப் பிடிக்க அது போதும், நூறு மீற்றர் ஓட்டத்துக்கு நேரம் எடுக்கவும் போதும். ஆனால் அந்த அலைக்குள் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஜேர்மனியில் கோடைகால நேரம் தொடங்குகிற இரவில் நிலையம் அதையும் சேர்த்துச் சொல்லும். நாடு முழுவதும் உள்ள இந்த மணிக்கூடுகள் யாரும் தொடாமலே ஒரு மணித்தியாலம் முன்னே போய் நிற்கும். விடிந்தால் யாருக்கும் யாரோடும் தகராறு இல்லை. ஒரு நாட்டின் மணிக்கூடுகள் ஒரே இரவில் இப்படி மாற வேண்டுமென்றால், அந்த நாட்டில் எல்லோரும் ஒரே நேரத்தை முன்பே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

எங்களுக்கு அது வாய்க்கவில்லை. 1996இல் வறட்சி வந்து நீர்மின்சாரம் வற்றியபோது, அரசாங்கம் மே மாதத்தில் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. மிச்சம் இருந்த அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் மட்டும் நின்றது. விடுதலைப் புலிகள் அதை ஏற்கவில்லை. அவர்களுடைய பகுதியில் பழைய நேரமே ஓடியது. எங்களுக்கு வடக்கே மாங்கேணியைத் தாண்டி வாகரைக்குப் போனால் மணிக்கூடு அரை மணித்தியாலம் பின்னே. மட்டக்களப்பு வாவியைக் கடந்து எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குப் போனாலும் அப்படித்தான். காலமை பத்து மணிக்கு வாறேன் என்று ஒருவர் சொன்னால், “பழைய நேரமோ, புது நேரமோ?” என்று கேட்டுத்தான் தலையாட்ட வேண்டியிருந்தது. அப்போது பி.பி.சி. தமிழோசை வானொலி பழைய நேரத்தில் இரவு ஒன்பதேகாலுக்கு வந்தது. புது நேரத்தில் அது ஒன்பதே முக்கால். இரண்டு பக்கத்து வீடுகளிலும் ஒரே குரலைக் கேட்டு, அதை வைத்து மணிக்கூட்டைச் சரிபார்த்து, வெவ்வேறு எண்களில் விட்டுவிட்டுப் படுத்தோம்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தது அரசாங்க நேரம் காலை 6.58க்கு, புலிகளின் நேரம் 6.28. சுனாமி அலை எங்கள் கிழக்குக் கரைக்கு வந்து சேர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. இரண்டு மணித்தியாலம் என்பது கல்குடாவிலும் வாகரையிலும் உள்ள பிள்ளை குட்டிகளை நடத்தியே மேட்டுக்குக் கொண்டுபோய்விடக்கூடிய நேரம். நேரம் இருந்தது, அதைச் சொல்ல ஒரு குறி வரவில்லை. வாகரையில் செத்தவர்களின் நேரத்தை ஒரு மணி சொன்னது, கல்குடாவில் செத்தவர்களின் நேரத்தை இன்னொரு மணி சொன்னது. கடல் இரண்டையும் பார்க்கவில்லை.

இதே மாதிரி ஓர் அலைதான் 2011 மார்ச்சில் ஜப்பானைத் தாக்கியது. புக்குஷிமா அணு உலை பழுதாக, அதைச் சுற்றி இருபது கிலோமீற்றருக்குள் இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அந்த வட்டத்துக்குள்தான், முன்பு சொன்ன இரண்டு மலை நிலையங்களில் ஒன்றான ஒட்டக்காடோயா மலை நேர நிலையமும் இருந்தது. பணியாளர்கள் அலைபரப்பியை நிறுத்திவிட்டு இறங்கினார்கள். ஏப்ரலில் திரும்ப ஓடவைக்கும் வரை அந்த நிலையத்தின் குறியை மட்டும் கேட்கக்கூடிய மணிக்கூடுகள் தங்கள் பளிங்கை நம்பியே ஓடின. தானாக நடக்கிறது என்று நாம் நினைக்கிற காரியத்துக்குப் பின்னால், ஒவ்வொரு இரவும் யாரோ ஆட்கள் மலையில் விழித்திருக்கிறார்கள் என்பதை அந்தக் கிழமைகள் காட்டின.

அதனால் சரியான நேரத்தை நான் பொதுச்சொத்தாகப் பார்க்கிறேன், கலங்கரை விளக்கைப் போல. யாரும் காசு கொடுத்துப் பார்ப்பதில்லை, யாருக்கும் மறைப்பதில்லை. ஆனால் யாரோ ஒருவர் பொறுப்பெடுத்து ஏற்றினால்தான் எரியும். இன்று எங்கள் பெரிய வள்ளங்களில் ஜீ.பி.எஸ். இருக்கிறது, அதன் செய்மதிகளில் உள்ள அணுக்கடிகாரங்களின் நேரம் நடுக்கடலிலும் கிடைக்கிறது. கையில் உள்ள போன் வலையமைப்பிலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்கிறது. சுனாமிக்குப் பிறகு இந்து சமுத்திரத்துக்கென்று எச்சரிக்கை ஏற்பாடு வந்து, கரையோரத்தில் சைரன் கோபுரங்களும் எழுந்தன. இவை எல்லாம் எட்டாதிருந்த அலைகள் எங்களை எட்டத் தொடங்கியதன் அடையாளம். இவற்றைப் பழுதாக விடாமல் பார்ப்பது நாங்கள் அதிகாரிகளிடம் விடாமல் கேட்க வேண்டிய காரியம்.

மணிக்கூடு வாங்குகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். வெளிநாட்டில் உள்ள தம்பியிடம் கேட்பதென்றால் வெயிலில் ஓடுவதைக் கேளுங்கள். இருபது பார் தாங்குவதாக இருந்தால் கடலுக்கும் நீச்சலுக்கும் பயப்படத் தேவையில்லை. வானொலி அலைக்கென்று கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். செக்கன் பிசகக்கூடாது என்றால் போனோடு இணைந்து நேரம் எடுக்கிற மாதிரிகள் இப்போது வருகின்றன, அவை இங்கேயும் வேலை செய்யும். ஏற்கெனவே அலை மணிக்கூடு கையில் இருந்தால் பழுது என்று நினைத்துத் திருத்தக் கொடுக்க வேண்டாம். அதில் பழுது ஒன்றும் இல்லை.

2006க்குப் பிறகு பிறந்த எங்கள் பிள்ளைகள் பத்து மணி என்றால் பத்து மணி என்றே எடுத்துக்கொள்கிறார்கள். எந்த மணி என்று அவர்கள் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கையில் கட்டியிருக்கிற எந்த மணிக்கூட்டையும்விட இது பெரிய வசதி. இதை இனி யாரும் குலைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டியது, இரண்டு நேரத்திலும் வாழ்ந்து பார்த்த எங்கள் கடமை.