விட்டுக்கொடுத்த இரண்டடி

கோல்ஃப் ஆட்டத்தைப் பற்றி எழுதுவேன் என்று நான் எண்ணியதே இல்லை. அம்மட்டையை நான் கையால் தொட்டதுமில்லை. ஆயினும், நீல் சேகபீல் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 2014இல் வெளியிட்ட ‘டிரா இன் தி டியூன்ஸ்’ என்ற ஆங்கில நூல் நண்பர் ஒருவர் வழியாக என்னிடம் வந்தது. நான் வாசித்து முடித்தபின் மேலும் மூவரிடம் சென்று திரும்பியது. திரும்பி வந்தபோது தன்னோடு ஒரு வழக்கையும் கொண்டுவந்தது. அவ்வழக்கு எங்களுக்குள் இன்னும் தீர்ந்தபாடில்லை.

செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் விதைப் பொட்டலங்களைச் சிறு விலைக்கு விற்றுப் பொருளீட்டிய சாமுவேல் ரைடர் என்ற ஆங்கிலேயர் அளித்தது ரைடர் கோப்பை. 1927 முதல் அமெரிக்க அணியும் பிரிட்டன் அணியும் அதற்காகப் போட்டியிட்டு வந்தன. பரிசுப் பணம் கிடையாது; நாட்டின் பெயர் ஒன்றே பரிசு. அதனால்தானோ என்னவோ, போட்டியின் உக்கிரமும் அதிகம். 1969க்கு முன் பிரிட்டன் வென்றது மூன்றே முறை: 1929, 1933, 1957.

1969 செப்டம்பரில் இங்கிலாந்தின் சவுத்போர்ட் நகருக்கருகே, ராயல் பர்க்டேல் மைதானத்தின் கடற்கரை மணல் மேடுகளிடையே நடந்த போட்டியே இந்நூலின் பொருள். மூன்று நாள், முப்பத்திரண்டு ஆட்டங்கள். அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை கடைசிக் குழிவரை இழுபறியாகவே சென்றன. பிரிட்டன் அணித்தலைவர் எரிக் பிரவுன், எதிரணியினரின் பந்து புதரில் விழுந்தால் தேட உதவக்கூடாது என்று தம் ஆட்களுக்குக் கட்டளையிட்டிருந்தார். இரண்டாம் நாள் ஆட்டக்காரர்களுக்குள் வாய்ச்சண்டை மூண்டு, தலைவர்கள் வந்து அமைதிப்படுத்த வேண்டியதாயிற்று. நூலின் இப்பகுதி கொஞ்சம் நீளம்தான். எண்களும் பெயர்களும் அடுக்கடுக்காய் வந்து என்னைப்போன்ற பாமரனைத் திணறடிக்கின்றன.

கடைசி நாள் மாலை, எஞ்சியிருந்தது ஒரே ஆட்டம். அதுவரை இரு அணிகளும் சம நிலை. ஒரு பக்கம் டோனி ஜாக்ளின், லாரி ஓட்டுநரின் மகன், வயது இருபத்தைந்து. அவ்வாண்டு ஜூலையில் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை வென்று தம் நாட்டின் கண்மணியானவர். மறுபக்கம் இருபத்தொன்பது வயது ஜாக் நிக்லாஸ். அப்போதே பேர்பெற்றவர், ஆனால் ரைடர் கோப்பையில் அதுவே அவருக்கு முதல் முறை. பதினேழாம் குழியில் ஜாக்ளின் நெடுந்தொலைவிலிருந்து உருட்டிய பந்து குழிக்குள் விழுந்து ஆட்டம் சமமாயிற்று. கூட்டத்தின் ஆரவாரம் முன்னே ஆடிக்கொண்டிருந்த பிரையன் ஹக்கெட்டின் காதிலும் விழுந்தது. ஜாக்ளின் வென்றுவிட்டாரென்று எண்ணிய அவர், தம் கடைசிப் பந்தைக் குழியில் வீழ்த்தியதும், கோப்பை நமதாயிற்று என்று தலைவரின் தோளில் சாய்ந்து அழுதார். பாவம்!

பதினெட்டாம் குழியை நோக்கி நடக்கையில், பயமாயிருக்கிறதா என்று நிக்லாஸ் கேட்டாராம். நடுங்கிப்போயிருக்கிறேன் என்றார் ஜாக்ளின். தமக்கும் அப்படியே என்றார் நிக்லாஸ். புல்தரையில் ஜாக்ளினின் பந்து குழிக்கு ஏறத்தாழ இரண்டடி முன்னே நின்றது. நிக்லாஸின் பந்தோ குழியைத் தாண்டி நாலைந்து அடி ஓடிற்று. தூரத்தில் இருப்பவரே முதலில் ஆடவேண்டும். நிக்லாஸ் ஆடினார், பந்து விழுந்தது. இனி ஜாக்ளின் தவறினால் வெற்றி அமெரிக்காவுக்கு. நிக்லாஸ் குனிந்து, ஜாக்ளின் தம் பந்திருந்த இடத்தில் வைத்திருந்த அடையாளத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். ‘நீ ஆடவேண்டாம், விழுந்ததாகவே கொள்கிறேன்’ என்பது அதன் பொருள்; விதி அதற்கு இடமளிக்கிறது. பதினாறுக்குப் பதினாறு. ரைடர் கோப்பை வரலாற்றில் அதுவே முதல் சமநிலை.

அமெரிக்க அணித்தலைவர் சாம் ஸ்னீட் மகிழவில்லை. வெல்வதற்கன்றோ வந்தோம் என்பது அவர் கட்சி. எங்கள் நால்வரில் வழக்கறிஞராயிருந்து ஓய்வுபெற்ற பெரியவரும் அக்கட்சியே. “பதினோரு பேர் மூன்று நாள் வியர்வை சிந்திச் சேர்த்ததைத் தானம் செய்ய இவர் யார்? ஊரார் சொத்தை எடுத்துத் தர்மம் செய்வது தர்மமா?” என்று கேட்டார். சட்டென்று பதில் சொல்ல என்னால் இயலவில்லை. அதற்கொரு காரணமுண்டு. குருமடத்தில் மாணவனாயிருந்த நாளில், பூப்பந்து இறுதி ஆட்டத்தின் கடைசிப் புள்ளியில், எதிரணியினர் அடித்த பந்து எங்கள் கோட்டைத் தொட்டதை நான் கண்டேன், நடுவர் காணவில்லை. என்னை எவரும் கேட்கவில்லை, நானும் வாய்திறக்கவில்லை. கோப்பை எங்களுக்கு வந்தது. அணிக்காகவே பேசாதிருந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வழக்கறிஞரின் வாதம் எனக்குப் பழக்கமான வாதம்.

நூலை மறுபடி புரட்டியபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. நிக்லாஸ் தம் பந்தை வேண்டுமென்றே தவறவிடவில்லை. முதலில் அதைக் குழியில் வீழ்த்தினார். சமநிலையானால் கோப்பை முன்பு வென்றவரிடமே தங்கும். 1967இல் வென்றது அமெரிக்கா. ஆகவே அந்த நாலைந்தடியை உருட்டி முடித்த கணமே கோப்பை அவரது அணியினருடையதாகிவிட்டது. அவர்களுக்குச் செய்யவேண்டியதைச் செய்து முடித்த பிறகே எதிரியின் பக்கம் திரும்பினார். அதன்பின் மிஞ்சியிருந்தது, ஓர் இளைஞன் தன் நாட்டார் முன்னிலையில் இரண்டடியில் தவறி, ஆயுள் முழுதும் அதைச் சுமப்பதைக் காணும் இன்பம் மட்டுமே. அந்த இன்பத்தையே அவர் துறந்தார். அதில் அணியினருக்குப் பங்கிருந்ததா என்றால், இருந்தது என்று ஸ்னீட் சொல்வார். இல்லை என்பது என் கருத்து. கதை பிடித்த கல்லூரி ஆசிரியை ஒருவர், ஸ்கோர்களையெல்லாம் தாண்டிக் கடைசி அத்தியாயங்களை மட்டும் இருமுறை வாசித்து, என் பக்கமே நின்றார்.

அந்தத் துறவு எத்துணை அரியது என்பதைப் பின்னர் நடந்தவை காட்டும். 1991இல் கியாவா தீவில் பெர்ன்ஹார்ட் லாங்கர் ஆறடித் தூரத்தில் தவற, கோப்பை அமெரிக்காவுக்குச் சென்றது. அங்கே எவரும் விட்டுக்கொடுக்கவில்லை, ஆறடியில் அதை எதிர்பார்ப்பதும் முறையன்று. 1999இல் புருக்லைனிலோ, எதிராளி ஒலாசாபல் ஆடவேண்டியிருக்கையிலேயே அமெரிக்கர் புல்தரைமேல் ஓடிக் கூத்தாடினர்.

நான்காம் வாசகர் உடற்பயிற்சி ஆசிரியர். நூலைத் திருப்பித் தருகையில் உள்ளே ஒரு துண்டுச்சீட்டு வைத்திருந்தார்: “ஜாக்ளினை யாராவது கேட்டார்களா? அந்த இரண்டடியை ஆடி வென்றிருப்பாரே!” நியாயமான கேள்வி. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நிக்லாஸும் ஜாக்ளினும் சேர்ந்து வடிவமைத்த கோல்ஃப் மைதானம் 2006இல் திறக்கப்பட்டது. அதன் பெயருக்கு ‘விட்டுக்கொடுத்தல்’ என்றே பொருள் என்று அவருக்குச் சொல்லியனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: “பெயர் வைத்தவர் பணம் போட்டவராயிருப்பார், சாமி.”