புதிய அச்சுப்பொறியும் பழைய கம்பியும்

அறுகம்பேக் கரையில் நின்றபோது எங்கள் பத்திரிகைக் காரியாலயத்துத் தொலையச்சுப்பொறி நினைவில் வந்தது. அது பழுதாக, புதிய அச்சுப்பொறியொன்றைப் பூட்டினோம். கம்பி பொருந்தியது, கொட்டியதோ பொருளற்ற எழுத்துகள். பழைய இணைப்பு ஓரெழுத்தை ஐந்து துடிப்புகளில் அனுப்பும், புதியதோ எட்டை எதிர்பார்க்கும். வேகமும் வேறு. இடையில் மாற்றியொன்று வைத்த பின்னரே செய்தி வாசிக்கக் கிடைத்தது. அன்று பிந்தியது செய்தி மட்டுந்தான்.

2004 டிசம்பர் 26 அன்று, சுமாத்ரா அதிர்ந்த 15 நிமிடங்களில் ஹவாய் எச்சரிக்கை நிலையம் அறிவித்தல் அனுப்பியது, பசிபிக் நாடுகளுக்கு. இக்கரைக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் எஞ்சியிருந்தது. வாங்கும் முனைதான் இருக்கவில்லை. அம்பாறை மாவட்டம் 10,000க்கும் மேற்பட்டோரை இழந்தது.

பின்னர் கோபுரங்கள் எழுந்தன. அவற்றைக் காணுந்தோறும் நான் கேட்பது இதுதான்: கடைசியாக எப்போது ஒலிக்கவைத்துப் பார்த்தீர்கள்?